சோத்துக்கோடு விழாத தளம்

முதல் தளம்

நான் காண்ட்ராக்ட் எடுத்துப் போட்ட முதல் தளம் ஒரு கக்கூஸுக்கு மேலே போட்ட தளம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஆலங்குடிக்குப் போகிற வழியில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்த வீடு அது. வீட்டைக் கட்டிய பெரிய மேஸ்திரி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். கொல்லையில் நின்ற அந்தச் சின்னக் கட்டடத்தை மட்டும் மொட்டையாக விட்டுவிட்டார். அத்தனூண்டு தளத்துக்காக மிக்சர் மெஷினை இன்னொரு தடவை இழுத்துக்கொண்டு வர அவருக்கு மனசில்லை.

நான் அவரிடம் சித்தாளாக இருந்தேன். கான்கிரீட்டைப் பாண்டுச் சட்டியில் வாங்கி, தலையில் தூக்கி, மேலே கொடுக்கிற வேலை. கடைசி நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா என்னிடம் வந்து புலம்பினார்.

"ஏத்தா, மழை வந்தா கொடையப் புடிச்சுக்கிட்டா உள்ள போறது? ஒங்க மேஸ்திரிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"அவரு வர மாட்டாருங்க. நான் போட்டுத் தாரேன்."

"நீயா?"

"ஏங்க, இம்புட்டு வருசமா கான்கிரீட்டத் தூக்குனது என் தலதானே. பதம் எப்புடி இருக்கணும்னு அதுக்குத் தெரியாதா?"

அந்தம்மா சிரித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெயர் சுப்பையா. அதே செட்டில் மிக்சர் மெஷின் ஓட்டினார். மெஷினைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மனுசரோடு நாலு வார்த்தை பேசத்தான் வராது. "மெஷின் இல்லாம எப்புடி?" என்றார். "மம்பட்டி இருக்குல்ல" என்றேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தபடியே மம்பட்டிக்குக் காம்பு போட ஆரம்பித்துவிட்டார்.

மட்டம் பார்த்துப் பூச ஒரு கொத்தனார் வேண்டும். ராசு கொத்தனாரைப் போய்க் கூப்பிட்டேன். எங்களைவிட மூத்தவர், நல்ல வேலைக்காரர். மூக்குக்கு மேல் கோபம். "போயும் போயும் கக்கூஸுக்கா என்னையக் கூப்புடுற?" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார். வந்தவர் மட்டப்பலகையை இழுத்தும் ரசமட்டத்தை வைத்தும் அந்தத் துண்டுத் தளத்தை அரண்மனைத் தளம் மாதிரி பார்த்தார். என் கூட்டாளி மாரிக்கண்ணு கீழே நின்று, "அண்ணே, உள்ள போறவுக மேல பாக்க மாட்டாகண்ணே" என்று கத்தினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தளம் சின்னதுன்னா மட்டமும் சின்னதா இருக்குமாடி?" என்றார்.

நாங்கள் நாலு பேர்தான் செட்டின் ஆரம்பம். அந்தத் தளம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

எது கடிச்சது

அதற்குப் பிறகு மாட்டுக்கொட்டகை, கடை, திண்ணைக்கு மேல் ஒரு சன்ஷேடு என்று பெரிய மேஸ்திரிகள் வேண்டாம் என்று விட்டதையெல்லாம் நாங்கள் பிடித்துக்கொண்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஆள் சேர்ந்தது. பழைய மிக்சர் ஒன்று எங்களுக்குச் சொந்தமாக வந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்ததைப் பார்த்த மாரிக்கண்ணு, "ஒனக்குச் சக்களத்தி வந்துட்டாடி" என்றாள். அது கொஞ்சம் உண்மைதான்.

தொழிலை வளர்த்தது எப்படி என்று இப்போது வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. சிமெண்ட் மூட்டையில் இருக்கிற எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினேன். பெரிய திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செய்தது ஒன்றே ஒன்று. வேலை முடிந்து எல்லாரும் ஒரே லோடு வண்டியில்தான் திரும்புவோம். பின்னால் மிக்சர் ஆடிக்கொண்டு வரும். அப்போது எல்லாரிடமும், "இன்னிக்கு எது கடிச்சது?" என்று கேட்பேன். வேலையில் எது உறுத்தியது, எது கையைக் காலைப் பிடுங்கியது என்று அர்த்தம்.

முதல் தடவை கேட்டபோது, "ஓம் மூஞ்சிதான்" என்றாள் மாரிக்கண்ணு. "மத்தியானத்துல இருந்து உர்ருன்னு வச்சுக்கிட்டு இருந்த பாரு, அது கடிச்சுச்சு." வண்டியே குலுங்கியது. சிரிப்பு அடங்கிய பிறகு ஒருத்தி மெதுவாக, "கட்டுன கம்பி மேல நடக்குறதுதான் யக்கா. பாதம் ரெண்டா வகுந்துருது" என்றாள்.

அடுத்த தளத்துக்கு நான் பழைய பலகைகளைக் கொண்டுபோய்க் கம்பிக்கு மேல் நடைபாதை போட்டேன். ராசு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "மகாராணிக எல்லாம் ரோட்டுலதான் நடப்பீங்களோ?" என்று கேட்டார். ஆனால் பலகை மேல் நடந்ததால் கம்பி அமுங்கவில்லை. கட்டின உயரத்திலேயே நின்றது. அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அப்புறம் பலகை போடாமல் யாரையும் அவரே மேலே ஏற விடமாட்டார்.

இப்படி ஒரு தளத்துக்கு ஒரு மாற்றம். அதற்கு மேல் செய்யமாட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் ஆட்கள் மிரண்டுபோவார்கள். சிமெண்ட் விரலைத் தின்னாமல் இருக்க வேலைக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினோம், பிறகு கையுறை வாங்கினோம். மெஷினில் மாற்று பெல்ட் ஒன்றைக் கட்டியே வைத்தோம்.

பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறொன்று. எங்கள் பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. கட்டுகிற இடத்தில் எங்கே போவது? வெயிலில் வாடி, மத்தியானத்துக்குப் பிறகு ஒருத்தியாவது மயங்கி விழுவாள். அதனால் வேலை பேசும்போதே மறைப்புக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். அரிமளத்தில் ஒரு வீட்டுக்காரர், "இதெல்லாமா காண்ட்ராக்ட்ல பேசுவாங்க?" என்று முகத்தைச் சுளித்தார்.

"நாங்க பேசுவோங்க" என்றேன்.

அவர் கட்டிக் கொடுத்தார். பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் செட்டில் மயக்கம் என்கிற பேச்சே இல்லாமல் போனது.

பந்தி

தளம் போடுகிற வேலையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஈரக் கான்கிரீட்டோடு ஈரக் கான்கிரீட் சேர்ந்தால்தான் முழுத் தளமும் ஒரே பாறையாக இறுகும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய ஓரம் வெயிலில் காய்ந்துவிடும். அப்புறம் சிமெண்டுப் பாலைக் கரைத்து ஊற்றினாலும் அது ஒட்டுப்போட்ட இடம்தான். தண்ணீர் அந்த வழியைத் தேடிப் பிடித்துவிடும்.

இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் நிறுத்துவார்கள், சாப்பாட்டுக்காக. எங்கள் பக்கம் தளம் போடுகிற அன்றைக்கு வீட்டுக்காரர்கள் வேலைக்காரர்களுக்கு விருந்து வைப்பார்கள். கறியும் சோறும், அல்லது வடை பாயசம். மத்தியானம் இலை போட்டால் மொத்தச் செட்டும் வேலையை விட்டு இறங்கிவிடும். ஆம்பிளைகள் முதல் பந்தி, பெண்கள் அடுத்த பந்தி. சின்னத் தளமாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடலாம். பெரிய தளத்தில் அது முடியாது.

ஒரு தடவை, வேறு யாரோ கீழ்த்தளம் போட்ட வீட்டுக்கு மாடி போட எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரர் மேலே கையைக் காட்டினார். கூரையில் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. மழைக்காலத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே வரிசையாகச் சட்டி வைப்பார்களாம். என் வீட்டுக்காரர் கழுத்தை வளைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சோத்துக்கோடு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் பேசுவதே அபூர்வம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் போட்ட தளங்களுக்கு அடியிலும் எங்கெங்கே இப்படிக் கோடு கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அன்று வண்டியில் நான் கேள்வி கேட்கவில்லை. "இனிமே பந்தி கெடையாது. நாலு நாலு பேரா எறங்கிச் சாப்புடுவோம். மெஷின் நிக்கக் கூடாது" என்றேன்.

அதுவரைக்கும் நான் சொன்ன எதற்கும் அப்படி ஒரு எதிர்ப்பு வந்ததில்லை. "பந்தியில மொத எலையில ஒக்காந்தவன் நான். காத்துக்கெடந்து திங்கச் சொல்றியா?" என்றார் ராசு அண்ணன். மற்ற ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெண்களும் எனக்காகப் பேசவில்லை. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பெரிய தளம் எதுவும் அப்போதைக்குக் கையில் இல்லாததால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

நூர்ஜஹான் வீடு

பெரிய தளம் வந்தது. கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில், நூர்ஜஹான் என்கிற பெண்ணின் வீடு. அவள் புருஷன் அன்வர் சவுதியில் இருந்தார். அங்கே இருந்து அவர் பணம் அனுப்ப, இங்கே இவள் ஒருத்தியே நின்று கட்டிக்கொண்டிருந்தாள். செங்கல் இறங்குவதில் இருந்து ஜன்னல் வைப்பது வரைக்கும் எல்லாவற்றையும் போனில் அவருக்குக் காட்டுவாள். அவர் அங்கே இருந்தபடியே, "அந்தச் செவத்துப் பக்கம் காட்டு" என்பார்.

அந்த ஊரில் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாத் தளமும் வெளியூர்ச் செட்டுகளுக்குத்தான் போகும். பொம்பளை மேஸ்திரியை நம்பிக் கொடுத்தது நூர்ஜஹான் ஒருத்திதான். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் அவளிடம், "யோசிச்சுக்க" என்று சொல்லியிருந்தார்கள். இந்தத் தளம் நன்றாக நின்றால் அந்தத் தெருவே எங்களுக்கு. ஒழுகினால் அவள் ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள். நானும் பழையபடி அடுத்தவன் செட்டில் பாண்டு தூக்கப் போக வேண்டியதுதான்.

நீளமான வீடு. எப்படிப் போட்டாலும் மத்தியானத்துக்குள் முடியாது. அதனால் முன்கூட்டியே போய், "சாப்பாட்ட வேல முடிஞ்ச பொறவு வச்சுக்கலாமா தாயி?" என்று கேட்டேன். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். அன்வர் சொன்னார்:

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் இங்க வேல பாக்குற எடத்துல பாதி நாளு ஆறிப்போன சோத்தத்தான் திங்கிறேன். என் வீட்டுக்கு வேல பாக்குறவங்க பசிக்கிற நேரத்துக்குச் சுடச்சுடத் திங்கணும். இத ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யுங்க."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்று வந்துவிட்டேன். முந்தின நாள் வண்டியில் மறுபடியும் நாலு நாலு பேர் என்கிற பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் அங்கிட்டுப் போயிப் பாத்துக்கலாம்" என்றார் ராசு அண்ணன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. கூடுதலாக நாலு ஆட்களைச் சொல்லி வைத்தேன்.

விடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் துஆ ஓதி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். நாங்கள் மிக்சருக்கு முன்னால் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்தோம். சூடம் ஏற்றத் தீப்பெட்டியைத் தேடினேன். நூர்ஜஹானே பின்னால் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டின் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய் எடுத்துவந்தாள். என் வீட்டுக்காரர் மெஷினைக் கிளப்பினார்.

வேலை ஓட ஆரம்பித்தால் அது தனி அழகு. கீழே ஜல்லியும் மணலும் அள்ளிக் கொட்டுகிற ஆட்கள், மெஷின், அப்புறம் சாரத்தில் படிப்படியாக நிற்கிற பெண்கள். பாண்டு கை மாறி மாறி மேலே போகும். மேலே கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் உறுமும். ராசு அண்ணன் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே பின்வாங்கி வருவார். நூர்ஜஹான் போனை ஒரு செங்கல் அடுக்கில் சாத்தி வைத்திருந்தாள். அன்வர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணு போகும்போதும் வரும்போதும், "மச்சானுக்கு நல்லாத் தெரியுதா? இல்ல, நான் மறைக்கிறேனா?" என்று வம்பிழுத்துக்கொண்டிருந்தாள்.

பாதித் தளம் வந்திருக்கும். பிரியாணி வாசனை மேலே ஏறியது.

"யக்கா, தம்மு ஒடைக்கப் போறோம். எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்று நூர்ஜஹான் கீழே இருந்து கூப்பிட்டாள்.

நான், "நாலு பேரு எறங்குங்க. மத்தவுக நில்லுங்க" என்றேன்.

ராசு அண்ணன் மட்டப்பலகையைக் கீழே வைத்தார். "எறங்குனா எல்லாரும் எறங்குவோம். இல்லாட்டி நான் எறங்கி வீட்டுக்கே போறேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார். வைப்ரேட்டர் பிடித்தவனும், ஜல்லி அள்ளிய இரண்டு பேரும் அவரோடு வந்தார்கள். சாரத்தில் பெண்கள் பாண்டுகளோடு அப்படியே நின்றார்கள். வெயில் நேர் உச்சியில் இருந்தது. தளத்தின் ஓரத்தில் கான்கிரீட்டின் மினுமினுப்பு மங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. மெஷினையும் நிறுத்தவில்லை.

"அண்ணே" என்றேன். "இந்தப் புள்ள நம்மள நம்பிக் குடுத்துருக்கு."

"நான் நம்பல. ரெண்டாம் பந்தின்னா என்னான்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல எம்புட்டுப் பந்திக்குக் காத்து நின்னுருக்கேன். மொதப் பந்திக்குக் கறி, ரெண்டாம் பந்திக்கு எலும்பு, மூணாவது ஒக்காந்தா சட்டியச் சொரண்டணும். கொத்தனார் ஆன அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே காத்து நிக்க மாட்டேன்னு."

அப்போது மாரிக்கண்ணு சாரத்தில் நின்றபடியே சொன்னாள்:

"அண்ணே, நீங்க தின்னு எந்திரிச்ச பொறவு நாங்க இம்புட்டு வருசமாத் திங்கிறது அந்தச் சொரண்டுன சட்டியத்தானே?"

ராசு அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. கிண்டலாகவும் சொல்லவில்லை. அன்றைக்கு வண்டியில் பெண்கள் ஏன் எனக்காகப் பேசவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு நாலாகச் சாப்பிடுவது என்றால் தங்களுக்குக் கடைசி நாலுதான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடைசிச் சஹன்

நான் நூர்ஜஹானிடம் போனேன். "தாயி, யாரும் ஒக்காரதுக்கு முன்னாடியே எல்லாரு பங்கையும் பிரிச்சு வச்சுற முடியுமா? கடைசியா வர்ற ஆளுக்கும் மொத ஆளுக்கும் ஒண்ணு போல இருக்கணும்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இதுக்கா யக்கா சண்ட? எங்க கல்யாண வீட்டுல எல்லாமே அப்படித்தானே? சஹன்ல வச்சுருவோம்."

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. அவர்கள் விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, கறி, முட்டை எல்லாம் ஒவ்வொரு சஹனிலும் ஒரே அளவாக முதலிலேயே வைத்துவிடுவார்கள். எந்தச் சஹனில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். முந்துவதும் பிந்துவதும் அங்கே கிடையாது.

அவள் உள்ளே குரல் கொடுத்தாள். வீட்டுப் பெண்கள் பரணில் இருந்து சஹன்களை இறக்கினார்கள். தம் உடைத்தார்கள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக நிரப்பி, மேலே மூடி, துணி போர்த்தி, ஆறாமல் இருக்க அடுப்பை ஒட்டி வரிசையாக வைத்தார்கள்.

"எங்காளுகளுக்கு ஒரே தட்டுல கை வச்சுப் பழக்கமில்ல" என்று நான் தயங்கினேன்.

"அதுக்கென்ன, எலை இருக்கு. சஹன்ல இருந்து நாலா எடுத்து எலையில வச்சுத் தாரேன்."

ராசு அண்ணன் இடுப்பில் கை வைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியா வச்சதத் தெறம்மா" என்றார்.

நூர்ஜஹான் துணியை விலக்கி மூடியைத் தூக்கினாள். ஆவி வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் முதல் சஹனையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"முட்ட?"

"எல்லாத்துலயும் இருக்குண்ணே. வேணும்னா எண்ணிப் பாருங்க."

முதல் சஹனில் உட்காரப் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார். ஏணிப் பக்கம் நடந்தார்.

"என்னண்ணே, சாப்புடலயா?" என்றேன்.

"வடக்கு மூலைய நான் போடாம எவன் போடுவான்? பாதியில கை மாறுனா மட்டம் போயிரும். எனக்கு அந்தக் கடைசிச் சஹன் இருக்கட்டும்." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "எவளாச்சும் அதுல கைய வச்சீங்க..."

"பூட்டுப் போட்டு வைக்கிறோம்ணே" என்றாள் மாரிக்கண்ணு.

அவரோடு வந்தவர்களும் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

ஒவ்வொரு இடத்தில் இருந்தும் ஒருவராக எடுத்து நாலு பேரை அனுப்பினேன். ஜல்லிக்காரர் ஒருவர், சாரத்தில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, தளத்தில் ஒருவர். எந்த இடமும் காலியாகவில்லை. கூடுதலாக வந்த ஆட்களும் நானும் அந்த இடங்களில் நின்றோம். வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. பெண்கள் முதல் சஹனிலேயே உட்கார்ந்து, ஆறாத சோறும் முழுக் கறித்துண்டும் சாப்பிட்டார்கள். ஒருத்தி எழுந்து வந்து என்னிடம் மெதுவாக, "யக்கா, கறி இம்புட்டுப் பெருசாத்தான் போடுவாகளா?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர்தான் மெஷினை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். வேறு ஆள் கையில் கொடுக்கமாட்டார். அவர் பங்கை இலையில் வாங்கிக்கொண்டு போய், நெம்புகோலை அவர் பிடித்திருக்க, நானே வாயில் ஊட்டினேன். சாரம் முழுக்க விசில். அவர் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. செங்கல் அடுக்கில் இருந்து அன்வர், "யக்கா, நான் எதையும் பாக்கல" என்றார்.

பொழுது சாயத் தொடங்கியபோது வடக்கு மூலையில் கடைசிப் பாண்டு விழுந்தது. ராசு அண்ணன் அதை இழுத்து மட்டமாக்கி, ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். கடைசிச் சஹனுக்கு அவரும் மாரிக்கண்ணுவும் நானும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் பங்கு முன்னாலேயே போய்விட்டதால் நாலாவது இலை காலியாக இருந்தது.

"நீயும் ஒக்காரும்மா" என்றார் ராசு அண்ணன் நூர்ஜஹானிடம். "வீட்டுக்காரி சாப்புடாம நாங்க எப்புடித் திங்கிறது?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்வரும் அப்போதுதான் அங்கே ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கடைசி ஆள் சாப்பிட உட்காருகிற வரைக்கும் காத்திருந்திருக்கிறார். "இன்னிக்கும் எனக்கு ஆறிப்போன சோறுதாண்ணே" என்று அவரே சொல்லிச் சிரித்தார். ராசு அண்ணன் தன் இலையில் இருந்த முட்டையை எடுத்துப் போனுக்கு முன்னால் காட்டி, "ஊருக்கு வாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சஹன்" என்றார்.

அதற்குப் பிறகு

மறுநாள் நானே போய்த் தளத்தின் மேல் மண் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். தளத்தைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைப் பிரிக்கிற அன்றைக்கும் போயிருந்தேன். கூரை ஒரே சீராக, சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆனால் மழை வந்து பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

மழை வந்தது. ஐப்பசியில் கடற்கரைப் பக்கம் எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நூர்ஜஹான் போன் செய்தாள்.

"யக்கா, இங்கிட்டுப் பேயா மழ பேயுது."

"சொல்லு தாயி."

"வீடு பூராவும் நடந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கழுத்துதான் யக்கா வலிக்குது. ஒரு சொட்டு இல்ல."

அதற்கு அடுத்த தளம் அவள் பக்கத்து வீடு. அதற்கு அடுத்தது எதிர் வீடு. யோசிச்சுக்க என்று அவளுக்குச் சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டுத் தளம் எங்கள் செட்டு போட்டதுதான்.

இப்போது எங்கள் வண்டியில் மூடி போட்ட பெரிய தட்டுகள் எப்போதும் இருக்கும். எந்த வீடாக இருந்தாலும், கறிச்சோறோ சாம்பார் சோறோ, முதலில் பங்கு பிரித்து எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுத்தான் முதல் ஆள் உட்கார வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிறது இதுதான். ஒரு மாற்றத்தை ஆட்கள் வேண்டாம் என்றால் உடனே அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வழி செய்துவிட்டால், நீங்கள் கேட்டதைவிட ஒரு படி கூடவே செய்வார்கள். நான் ராசு அண்ணனைக் கொஞ்ச நேரம் காத்திருக்கத்தான் கேட்டேன். அவர் கடைசிப் பங்கையே கேட்டு வாங்கினார்.

அவருக்கு இப்போது சாரம் ஏற முடியாது. வேறு கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் செட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கடைசித் தட்டு தலைமைக் கொத்தனாருக்கு. நான் வைத்த வழக்கம் இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. எங்களிடம் வேலை பார்த்துப் பிரிந்துபோய்த் தனிச் செட்டு வைத்தவர்களும் அதையேதான் செய்கிறார்கள். போன வாரம் எங்களிடம் புதிதாகத் தலைமைக் கொத்தனாராக உயர்ந்த பையன் ஒருவன், வேலை எல்லாம் முடிந்து, பசியோடு வந்து உட்கார்ந்தான். மாரிக்கண்ணு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, மூடியைத் தூக்கினாள். அவன் அதைச் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா, ஆறிப்போச்சா?" என்றாள்.

"இல்ல யக்கா. இன்னிக்குத்தானே மொத மொதலா எனக்குக் கடைசித் தட்டு" என்றான்.